கட்டத்துக்கு வெளியே விழும் அடி

மூன்று வருடங்களுக்கு முன்பு நண்பரின் குறும்படத்துக்காக ஒரு டிரம் லூப் செய்துகொண்டிருந்தேன். நிமிடத்துக்கு 90 அடி வேகம், நான்கு பார். கிக், ஸ்நேர், ஹை-ஹேட் மூன்றையும் மௌஸால் கட்டத்துக்குள் ஒவ்வொன்றாக வைத்தேன். எல்லாம் கோட்டின் மேல் சரியாக உட்கார்ந்தன. ஊரிலிருந்து வந்திருந்த மாமா பின்னால் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. மதுரைப் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் பதினைந்து வருடம் டிரம்ஸ் வாசித்தவர்.

"எப்படி மாமா இருக்கு?"

"சுத்தமா இருக்கு மாப்ள. ஆனா இதை வாசிக்கிறவனுக்குக் கையே வலிக்கலையே."

அந்த ஒரு வரிதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்துவிட்டது. தப்பே இல்லாத தாளம் ஏன் செத்துப்போன மாதிரி கேட்கிறது? இந்தக் கேள்வி எனக்கு முதலில் வந்தது இல்லை. டிரம் மெஷின் செய்தவர்கள் எல்லோருமே இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

1959இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் 'சைட்மேன்' என்றொரு பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே ஒரு வட்டு சுழலும், வெற்றிடக் குழாய்கள் ஒலியை உண்டாக்கும். வால்ட்ஸ், டேங்கோ என்று 12 தாளங்கள் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார்கள். ஆர்கன் வாசிப்பவர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். 'சைட்மேன்' என்றால் பக்கவாத்தியக்காரர் என்று பொருள். ஆளின் இடத்தைப் பிடிக்க வந்த பெட்டிக்கு ஆளின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெட்டி போட்டதைத்தான் வாசிக்கும். நாமே தாளத்தை எழுதி, அதை உண்மையான டிரம்ஸின் ஒலியில் கேட்க 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் ராஜர் லின் என்ற கிதார் கலைஞர் அந்த வருடம் எல்எம்-1 என்ற கருவியைக் கொண்டுவந்தார். ஒரு டிரம்மர் அடித்த அடிகளைப் பதிவுசெய்து, அவற்றைச் சிப்பில் ஏற்றி, பட்டனைத் தட்டினால் ஒலிக்கும்படி செய்த முதல் டிரம் மெஷின் அது. விலை கிட்டத்தட்ட 5,000 டாலர், விற்றது ஏறக்குறைய 500. நினைவகம் அன்று தங்க விலை. நீண்ட நேரம் ரீங்கரிக்கும் கிராஷ், ரைடு தட்டுகளைச் சேர்க்க இடமே இல்லை. அதே 1980இல் ஜப்பானின் ரோலண்ட் வெளியிட்ட டிஆர்-808இல் பதிவுசெய்த ஒலி கிடையாது, எல்லாம் மின்சுற்று உண்டாக்கும் ஒலி. அது டிரம்ஸ் மாதிரியே இல்லை என்று அன்று சொன்னவர்கள் பலர். பிறகு ஹிப்-ஹாப் அந்த ஒலியைத் தன் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டது.

லின்னின் கருவியில் இரண்டு விஷயங்கள் இருந்தன. இன்று என் லேப்டாப்பில் இருக்கும் எல்லா இசை மென்பொருளும் அந்த இரண்டையும் சுமந்துகொண்டுதான் நிற்கின்றன. முதலாவது, நாம் விரலால் தட்டுவது முன்னே பின்னே இருந்தால், மெஷினே அதை அருகிலுள்ள கோட்டுக்கு நகர்த்திவிடும். இன்று குவாண்டைஸ் என்கிறோம். இரண்டாவது, ஸ்விங். நேராக்கிய தாளத்தைக் கொஞ்சம் கோணலாக்கும் வழி. ஒரே ஆள் ஒரே பெட்டியில் முதலில் தாளத்தை நேராக்கினார், உடனே அதைக் கோணலாக்கவும் ஒரு வழி வைத்தார். மாமா கேட்ட கேள்வி அவருக்கும் தெரிந்திருக்கிறது!

ஸ்விங் என்பது மந்திரம் ஒன்றும் இல்லை, எளிய கணக்கு. நிமிடத்துக்கு 90 அடி என்றால் ஓர் அடிக்கு 667 மில்லி விநாடி. அதில் பாதி 333. அந்தப் பாதிக்குள் ஹை-ஹேட் இரண்டு முறை விழுகிறது. சரிபாதியில் வைத்தால் இரண்டாவது தட்டு 167இல் விழும். இது 50 சதவீதம், நேர் நடை. 54 சதவீதம் என்று வைத்தால் 180இல் விழும், அதாவது 13 மில்லி விநாடி தாமதம். 66 சதவீதத்தைத் தாண்டும்போது மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடும், 222. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் சதுஸ்ரத்தில் கிளம்பித் திஸ்ரத்தில் போய்ச் சேர்ந்திருப்போம். உயிருள்ள தாளம் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில், பெயரில்லாத இடத்தில் நிற்கிறது. பேப்பரில் அதை எழுத முடியாது, ஆனால் கால் தானாக ஆடும்.

லின்னின் நிறுவனம் 1986இல் மூடப்பட்டது. பிறகு அவர் ஜப்பானின் அகாய் நிறுவனத்துடன் சேர்ந்து எம்பிசி60 என்ற கருவியை வடிவமைத்தார். 1988இல் வந்தது. ஓர் அடியை 96 துண்டுகளாக வெட்டும். 90 வேகத்தில் ஒரு துண்டு கிட்டத்தட்ட 7 மில்லி விநாடி. பதினாறு ரப்பர் திண்டுகள், விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடும் குறையும். நான் மௌஸால் செய்துகொண்டிருந்ததை இதில் விரலால் செய்யலாம்.

இந்த வரிசையில் வந்த எம்பிசி3000ஐ வைத்துத்தான் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜே டில்லா தாளத்தையே வேறு மாதிரி ஆக்கினார். இயற்பெயர் ஜேம்ஸ் யான்சி, 1974இல் பிறந்தவர். 'டில்லா குவாண்டைஸை ஆஃப் பண்ணிட்டு வாசிச்சார், அவ்வளவுதான்' என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன், நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். 2022இல் டான் சார்னாஸ் அவரைப் பற்றி எழுதிய 'டில்லா டைம்' என்ற புத்தகம் இதை மறுக்கிறது. டில்லா சோம்பலாக வாசிக்கவில்லை, எண்ணிச் செய்தார். ஹை-ஹேட் ஒரு நடையில் போகும், கிக் வேறொரு நடையில் தடுமாறும், ஸ்நேர் இரண்டுக்கும் முந்திக்கொண்டு விழும். நேர்க் காலமும் ஸ்விங் காலமும் ஒரே நேரத்தில் ஓடி உரசிக்கொள்ளும். கேட்கும்போது விழப் போகிற மாதிரி இருக்கும், விழாது.

அதைக் கேட்ட டிரம்மர் குவெஸ்ட்லவ், தான் வாழ்நாள் முழுக்கக் கட்டிக் காத்த சுத்தத்தைக் கைவிட்டு, டில்லாவின் மெஷின் மாதிரி வாசிக்கப் பழகினார். 2000இல் வந்த டி'ஏஞ்சலோவின் 'வூடூ' ஆல்பத்தில் அதைக் கேட்கலாம். மனிதனைப் போல வாசிக்க மெஷினுக்குக் கற்றுக்கொடுத்தார் ஒருவர், அந்த மெஷினைப் போல வாசிக்க மனிதன் கற்றுக்கொண்டான். டில்லா 2006 பிப்ரவரி 10 அன்று இறந்தார். வயது 32. மூன்று நாட்களுக்கு முன்புதான் அவருடைய 'டோனட்ஸ்' வெளியாகியிருந்தது. அவர் பயன்படுத்திய எம்பிசி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு என் மென்பொருளில் இருந்த 'ஹியூமனைஸ்' பட்டனை அழுத்தினேன். அது எல்லா அடிகளையும் கண்டபடி முன்னும் பின்னும் சிதறடித்தது. மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். "இப்ப தண்ணியடிச்சுட்டு வாசிக்கிறான்" என்றார்.

அவர் சொன்னதை விஞ்ஞானமும் சொல்கிறது. 2011இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஹோல்கர் ஹென்னிக்கும் அவருடைய குழுவும் மனிதர்களின் தாளப் பிசகுகளை அளந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிசகு வழக்கமாக 10 முதல் 20 மில்லி விநாடிதான். முக்கியமான விஷயம் வேறு. அந்தப் பிசகுகள் தற்செயலானவை அல்ல. இப்போது விழும் அடியின் பிசகு, ரொம்ப நேரம் முன்பு விழுந்த அடியின் பிசகோடு தொடர்பு வைத்திருக்கிறது. கொஞ்சம் பின்வாங்கினால் கொஞ்ச நேரம் பின்வாங்கியே போகிறோம், பிறகு மெல்லத் திரும்புகிறோம். கேட்பவர்களும் கண்டபடி சிதறிய பிசகைவிட இப்படித் தொடர்புள்ள பிசகையே விரும்பினார்கள். 2015இல் இன்னொரு ஆய்வு, ஜெஃப் போர்காரோ 1982ஆம் வருடப் பாடல் ஒன்றில் ஒற்றைக் கையால் வாசித்த ஹை-ஹேட்டை அடி அடியாகப் பிரித்துப் பார்த்தது. நேரத்தில் மட்டுமல்ல, அடியின் பலத்திலும் அதே நீண்ட தொடர்பு இருந்தது. இரண்டு பாருக்கு ஒருமுறை திரும்பி வரும் ஒரு வடிவமும் தெரிந்தது. கைக்கு ஞாபகம் உண்டு, பட்டனுக்கு இல்லை.

ஆக, லூப் செய்யும் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எல்லா அடியையும் நகர்த்தாதீர்கள். கிக்கைக் கோட்டில் விட்டுவிட்டு ஸ்நேரை மட்டும் பத்துப் பன்னிரண்டு மில்லி விநாடி பின்னால் தள்ளிப் பாருங்கள், தள்ளியதை அங்கேயே வைத்திருங்கள். நேரத்தைவிடப் பலம் முக்கியம். மிடி அளவில் பலம் 1 முதல் 127 வரை. பெரிய ஸ்நேர் 110 என்றால் நடுவில் கிசுகிசுக்கும் சின்ன அடிகள் 30ஐத் தாண்ட வேண்டாம். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப வைத்தால் மெஷின் கன் மாதிரி கேட்கும், நாலைந்து வெவ்வேறு பதிவுகளை மாற்றி மாற்றி வையுங்கள். இரண்டு கை இரண்டு கால்காரனால் முடியாததை எழுதாதீர்கள்.

அந்தக் கிசுகிசுப்பைப் பற்றிப் பேசினால் கிளைட் ஸ்டபில்ஃபீல்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஜேம்ஸ் பிரவுனின் டிரம்மர். 1969 நவம்பரில் சின்சினாட்டியில் பதிவான 'ஃபங்கி டிரம்மர்' பாடலின் பிற்பகுதியில், மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிட, அவர் மட்டும் எட்டு பார் வாசிக்கிறார். இருபது விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்நேரில் பெரிய அடிகளுக்கு நடுவில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் சின்ன அடிகள் ஓடிக்கொண்டே இருக்கும். சாம்ப்ளர் வந்தபிறகு அந்த எட்டு பாரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் வெட்டி ஒட்டிக்கொண்டன. பாடலை எழுதியவர் என்று பதிவாகியிருப்பது ஜேம்ஸ் பிரவுனின் பெயர். வாசித்தவருக்கு உரிமைத் தொகை என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை.

அவர் விஸ்கான்சினில் மேடிசன் நகரில் உள்ளூர்க் குழுக்களோடு வாசித்துக்கொண்டு வாழ்ந்தார். புற்றுநோய் வந்தபோது சிகிச்சைக் கடனைக் கட்டியவர் பாடகர் பிரின்ஸ். 2016இல் பிரின்ஸ் இறந்த பிறகுதான் இதை ஸ்டபில்ஃபீல்ட் வெளியே சொன்னார். லின்னின் எல்எம்-1ஐ வைத்து எண்பதுகளில் தன் பாடல்களைக் கட்டியவர் அந்தப் பிரின்ஸ். 2017இல் ஸ்டபில்ஃபீல்டும் போய்விட்டார். பணத்தைவிடத் தன் பெயர் அதில் இருக்க வேண்டும் என்பதையே அவர் பேட்டிகளில் கேட்டுக்கொண்டிருந்தார்.

'ஆமென் பிரேக்' என்று உலகமே வெட்டி ஒட்டிய இன்னொரு நான்கு பாரை 1969இல் வாசித்தவர் கிரிகரி கோல்மன். அவர் 2006இல் அட்லாண்டாவில் வீடின்றி வறுமையில் இறந்தார். 2015இல் இணையத்தில் ரசிகர்கள் 24,000 பவுண்டு திரட்டிக் குழுத் தலைவருக்குக் கொடுத்தபோது கோல்மன் இல்லை.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லியாக வேண்டும். அன்று மாமா சொன்ன பிறகு, ஒரு நண்பரின் ஸ்டுடியோவுக்கு அவரைக் கூட்டிப்போனேன். ரிதம் பேட் வந்து கச்சேரிகள் குறைந்தபின் குச்சியைக் கீழே வைத்தவர், வெகுநாள் கழித்து உட்கார்ந்தார். அரை மணி நேரம் வாசித்தார், பதிவு செய்தேன். வீட்டில் வந்து அளந்தால் அவருடைய ஸ்நேர் எப்போதும் 12 மில்லி விநாடி பக்கம் பின்னால்தான் விழுந்தது. நான் வருடக்கணக்கில் தேடிய இடம். அதில் நான்கு நான்கு பாராக வெட்டி, இருபது லூப் ஆக்கி, லூப் விற்கும் ஓர் இணையதளத்துக்குக் கொடுத்தேன். ஒரே தடவைப் பணம், யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், திரும்பப் பெற முடியாது. மாமாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

ஸ்டபில்ஃபீல்டைப் பற்றிப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. காலையில் மாமாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வந்த பணத்தை அனுப்பிவிடுகிறேன் என்றேன். அவர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை.

"அதுல என் பேரு இருக்கா மாப்ள?"

"இல்ல மாமா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"ஏழாவதோ எட்டாவதோ ஒரு எடுப்புல கிக்கு லேசா முந்திருச்சு. அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன். அதையும் குடுத்துட்டியா?"

கொடுத்திருந்தேன். இருபதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

"அதை மட்டும் எடுத்துரு. வேற வாசிச்சுத் தர்றேன்."

எடுக்க முடியாது என்று அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. பணத்தை அனுப்பினேன். இப்போது நான் செய்யும் எந்தப் பதிவிலும் கோப்பின் பெயரிலேயே வாசித்தவர் பெயரை முதலில் போடுகிறேன். அந்த இருபது லூப்களின் கோப்புப் பெயரில் இருப்பது வெறும் எண்தான். முந்திய அந்தக் கிக் எங்கோ யாருடைய பாட்டிலோ ஓடிக்கொண்டிருக்கும். யார் வாசித்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. மாமாவுக்கு அது இன்னமும் தப்பாக வாசித்த ஓர் அடிதான்.