சாயம் ஏறிய செல்கள்

1969-இல் பட்டேலும் பால் டெராசாகியும் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. சிறுநீரக மாற்று சிகிச்சைகள் மொத்தம் 225. பெறுபவரின் சீரத்தைக் கொடையாளியின் வெள்ளணுக்களோடு கலந்து பார்த்ததில் எதிர்வினை தெரிந்தவை 30. அந்த முப்பதில் 24 சிறுநீரகங்கள் உடனே செத்துப்போயின. எதிர்வினை இல்லாத 195-இல் அப்படிப் போனவை வெறும் 8. அதற்குப் பிறகு கிராஸ்மேட்ச் பார்க்காமல் சிறுநீரகம் வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

டெராசாகி லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தவர். ஜப்பானிய வம்சாவளி என்பதாலேயே இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டவர். அந்நியர், நம்மவர் என்று இதில் குறியீடு தேடுபவர்கள் தேடிக்கொள்ளட்டும். எனக்கு அவருடைய சிக்கனம்தான் பிடிக்கும். 1964-இல் அவர் கொண்டுவந்த முறைக்கு ஒரு மைக்ரோலிட்டர் சீரம் போதும். சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது கொடையாளியின் செல்லில் ஒட்டும். முயல் ரத்தத்திலிருந்து எடுத்த காம்ப்ளிமென்ட் வந்து செல்லைத் துளைக்கும். செத்த செல்லில் சாயம் ஏறும். செல் செத்ததா என்று மட்டும்தான் இந்தச் சோதனை பார்க்கும். கொன்றது யாருன்னு கேட்காது.

அங்கேதான் சிக்கல். 1997-இல் லிம்போமா புற்றுநோய்க்காக ரிட்டுக்ஸிமாப் வந்தது. பி செல்களின் மேல் உள்ள சிடி20-இல் போய் ஒட்டும் எதிர்ப்பொருள் அது. பிறகு, உடலில் எதிர்ப்பொருள் மிகுந்து யாருடைய சிறுநீரகமும் பொருந்தாமல் காத்திருப்பவர்களுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து ரத்தத்தில் மாதக்கணக்கில் தங்கும். அந்தச் சீரத்தைச் சோதித்தால் மருந்தே கொடையாளியின் பி செல்லில் ஒட்டிக்கொள்ளும், செல் சாகும், அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்று வரும். வழி திறக்கக் கொடுத்த மருந்தே வாசலில் குறுக்கே நிற்கிறது. மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் என்றால் ஐஸ் பெட்டியில் மணி ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒரு சொல்லால் அது அடுத்தவருக்குப் போய்விடலாம்.

புரோனேஸ் என்ற நொதியால் சிடி20-ஐச் செதுக்கி எடுக்கலாம். அளவு மிஞ்சினால் நமக்கு வேண்டிய ஹெச்எல்ஏவும் சிதையும். டி செல்லில் புதிதாகப் பொய் பாசிட்டிவ் முளைக்கவும் கூடும். ஹெச்எல்ஏவை மட்டும் பூசிய லுமினெக்ஸ் மணிகள் இதைவிட நம்பகமானவை. அவற்றில் சிடி20 கிடையாது, மருந்து ஒட்ட இடமில்லை. மணிகள் அமைதி, டி செல் நெகட்டிவ், பி செல் மட்டும் பாசிட்டிவ் என்றால் முதல் சந்தேகம் மருந்தின் மேல்தான்.

2015-இல் மைலோமாவுக்கு டாராட்டுமுமாப் வந்ததும் இதே கதை ரத்த வங்கியில் நடந்தது. சிவப்பணுவிலும் கொஞ்சம் சிடி38 இருப்பதால் எந்தப் பையை எடுத்தாலும் பொருந்தாத மாதிரியே காட்டியது. டிடிடி என்ற ரசாயனம் சிடி38-ஐ உடைக்கும், கூடவே கெல் ஆன்டிஜனையும் உடைத்துவிடும். அதனால் கெல் இல்லாத ரத்தமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இத்தனை கருவிகள் இருந்தும், ஆய்வகத்திலிருந்து வார்டுக்கு ஒரு போன் போக வேண்டியிருக்கிறது: "இவருக்கு ரிட்டுக்ஸிமாப் போட்டீங்களா? கடைசியா எப்போ?"