மாப்பிள்ளை இல்லாத மணக்கொண்டை

கன்பூசிய மரபு பெண்ணுக்கு மூன்று கீழ்ப்படிதல்களை விதித்தது: தந்தைக்கு, கணவனுக்கு, அவன் போனபின் மகனுக்கு. கல்யாணமே ஆகாமல் முதிர்ந்தவளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஆனாலும் தென்சீனத்தின் ஷுன்டே வட்டாரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அடுத்ததன் தொடக்கத்திலும், அப்படிப்பட்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தார்கள். அங்கே கன்னிப்பெண்ணுக்குப் பின்னல், மணநாளில்தான் கொண்டை. இவர்களோ மாப்பிள்ளை இல்லாமலே அந்தச் சடங்கைச் செய்துகொண்டார்கள். ஏற்கெனவே சபதம் எடுத்த மூத்தவள் ஒருத்தி பின்னலை அவிழ்த்து வாரிக் கொண்டை போடுவாள். குவான்யின் தெய்வத்தின் முன் சாகும்வரை மணமில்லை என்று சபதம். பிறகு உறவுக்காரர்களுக்கு விருந்து. இவர்களைக் குடும்பத்தை உதறிய புரட்சிக்காரிகள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கல்யாணம் வேண்டாம் என்றவள் அடங்காத மகள். கொண்டை போட்டவள் ஊர் ஒப்புக்கொண்ட பெரிய மனுஷி. குடும்பத்தின் சடங்கையே கையில் எடுத்ததுதான் இவர்களின் பலம்.

இதெல்லாம் பட்டாலைக் கூலி செய்த வேலைதானே, வீட்டார் பணத்துக்காக மகளைக் கட்டிக்கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள் என்று ஒருவர் வாதிடலாம். அதில் பாதி உண்மை. 1870-களின் தொடக்கத்தில் பக்கத்து நான்ஹாயில் சென் சீயுவான் நீராவிப் பட்டாலை தொடங்கினார். தொடர்ந்து ஆலைகள் பெருகின. கொதிக்கும் தொட்டியில் மிதக்கும் கூட்டிலிருந்து இழை நுனியைத் தேடி எடுக்கும் விரல்களுக்குக் கூலி கிடைத்தது. அந்தக் கூலியில் பெரும்பங்கு பிறந்த வீட்டுக்கே போனது. ஆனால் ஏற்கெனவே கட்டிக்கொடுக்கப்பட்ட சிலர், தம் சம்பாத்தியத்திலேயே கணவனுக்கு வேறொரு பெண்ணை வாங்கிக் கொடுத்து விலகினார்களே, அதை எந்தத் தகப்பனின் பேராசையில் சேர்ப்பது? அது அவர்களின் சொந்தத் தீர்மானம். அப்படி வாங்கப்பட்டவள் ஏழை வீட்டுப் பெண் என்பது மனதை அறுக்கிறது. ஒருத்தியின் விடுதலைக்கு இன்னொருத்தி விலையானாள். கொண்டை போட்டவர்களில் சிலர் தங்களுக்குள் இணைபிரியாத ஜோடிகளாக வாழ்ந்தார்கள். அதில் உடலுறவும் உண்டென்று அக்கால ஆண்கள் கண்டித்து எழுதினார்கள். வசை என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. அதை வைத்து எல்லோரையும் ஒரே பெயரில் அடைக்கவும் முடியாது.

பிறந்த வீட்டில் இவர்கள் சாகக்கூடாது. முன்னோர் மாடத்தில் இவர்களுக்கு நினைவுப் பலகையும் கிடையாது. சடங்கு கைவிட்ட இடம் இது ஒன்றுதான். அதற்கும் அவர்கள் பணம் சேர்த்துப் பொதுவீடுகள் எழுப்பினார்கள். 1930-களில் பட்டுத்தொழில் படுத்ததும் பலர் கப்பலேறிச் சிங்கப்பூரில் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக வீட்டுவேலைக்கு நின்றார்கள். அங்கிருந்து அவர்கள் அனுப்பிய காசில் 1950-இல் ஷுன்டேயின் ஜுன்ஆனில் ‘பிங்யூ தாங்’ என்ற இல்லம் எழுந்தது. அவர்களின் நினைவுப் பலகைகள் அங்கே இருக்கின்றன.