கோரை என்றொரு குடும்பப் பெயர்

குழந்தை பிறந்த வீட்டில் 'முடி சுருட்டையா, கோரையா?' என்று கேட்பது இன்னும் உண்டு. சுருளாமல் நீண்டு விறைப்பாக நிற்பது கோரைமுடி. கோரை என்ற சொல்லின் உயிர் அந்த நேர்த்தண்டில்தான் இருக்கிறது. கிளை இல்லாமல் ஈரத்தில் குத்திட்டு நின்றால் போதும், தமிழ் அதைக் கோரை என்றுவிடும். பாய்க்கோரை, ஆனைக்கோரை என்கிற சம்பு, நீலகிரிச் சதுப்பில் வளரும் ஜங்கஸ் ஆகியவற்றைத் தாவரநூல் மூன்று குடும்பங்களில் வைக்கிறது. தமிழுக்கு எல்லாம் கோரைதான். வெளிநாட்டுத் தோட்டங்களில் தண்டு திருகிச் சுருளும் ஒரு ஜங்கஸை அழகுக்கு வளர்க்கிறார்கள். 'சுருட்டைக் கோரை' என்று அதற்குப் பெயர் வைத்தால் நம் பாட்டிகள் சிரிப்பார்கள்.

கோரைக்கு இன்னும் பழைய பெயர் 'சாய்'. சங்கப் பாடல்களில் பெண்கள் பைஞ்சாயால் பாவை செய்து விளையாடுகிறார்கள். பூம்புகாரை ஒட்டிய சாயாவனம்தான் தேவாரத் தலமான திருச்சாய்க்காடு. அங்கே தலமரமே கோரை. ஒரு புல்லுக்கு மரத்தின் மரியாதை! பேச்சில் சாய் மறைந்துபோனது, கோரை தங்கிவிட்டது. மலையாளத்தில் அது கோர. தெலுங்கு வேறு வழியில் போய்த் துங்க என்கிறது.

பாய்க்கோரைக்கு டென்மார்க்கின் தாவரவியலாளர் ராட்போல் 1773-இல் இட்ட லத்தீன் பெயர் 'சைப்பரஸ் பாங்கோரை'. அப்போது தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்தது. பெயரின் பின்பாதி எந்தக் கரையிலிருந்து கப்பலேறியது என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பத்தமடையில் நூல்போலக் கிழித்துப் பட்டுப்பாய் நெய்வதும், காவிரிக்கரையில் வயலாகவே பயிரிடுவதும் இந்தக் கோரையைத்தான்.

தருமபுரி மாவட்டத்து மொரப்பூரில் கதை வேறு. மானாவாரிக் கொல்லைகள் நிறைந்த இந்தப் பக்கத்தில் கோரை என்றதும் உழவர் நினைப்பது கோரைக்கிழங்கை. மேலே பிடுங்கினால் தாள் கையோடு வரும். கிழங்கு மண்ணுக்குள் சரம்சரமாகத் தங்கி, அடுத்த மழைக்கு மறுபடி தலைகாட்டும். 1977-இல் வெளிவந்த உலகக் களைகள் பற்றிய நூலில் முதலிடமே இதற்குத்தான். அதே கிழங்கு நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்கும் சரக்கு. குளியல் பொடியிலும் சேரும். இப்படிப்பட்ட ஊரில் தொட்டியில் கோரை வளர்க்கலாம் என்றால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்தான்.

ஆனால் வறண்ட ஊரின் வீட்டிலும் ஈரமான மூலை ஒன்று இருக்கும்: தண்ணீர்த் தொட்டியடி, துவைகல்லோரம், குளியலறைத் தண்ணீர் விழும் இடம். வாழையும் சேம்பும் வைக்கும் அந்த இடத்துக்குக் குடைக்கோரை நன்றாகப் பொருந்தும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செடி; நர்சரிக்காரர்கள் 'அம்ப்ரெல்லா பாம்' என்று விற்கிறார்கள். பனைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. கோரை என்று சொன்னால் விலை இறங்கிவிடும் என்ற பயம்போலும். எகிப்தியர் தாள் செய்த பாப்பிரஸும் இதன் இனமே. ஆனால் அது ஆளுயரத்தைத் தாண்டும், பலத்த காற்றில் ஒடியும். சின்ன வாசலுக்கு ஒத்துவராது.

குடைக்கோரைக்கு ஓட்டையில்லாத தொட்டியே நல்லது. ஏரி வண்டலோ வயல் மண்ணோ முக்கால் பங்கு நிரப்பி நட்டு, மேலே கூழாங்கல் பரப்பினால் மண் கலங்காது. தண்ணீர் கல்லுக்கு அடியிலேயே நின்றால் கொசு முட்டையிட இடமில்லை. மேலே நிற்க விட்டால் நாலு கப்பி மீன் விட வேண்டும். நாற்று தேடி அலையவும் வேண்டாம். முற்றிய குடையைச் சாண் நீளத் தண்டோடு வெட்டி, தலைகீழாகத் தண்ணீரில் போட்டால், இலைகள் கூடும் இடத்தில் வேர்விட்டுத் துளிர்க்கும். போர் தண்ணீரின் உப்பு தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்து, இலை நுனியும் பழுத்தால், மழைநாளில் தொட்டியைச் சாய்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு மழைநீரால் நிரப்பலாம்.

இரண்டு வருடத்துக்குள் வேர் தொட்டியை அடைத்துவிடும். அப்போது அரிவாளால் தூரைப் பிளந்து பாதியை மட்டும் திரும்ப நட வேண்டும். மீதியை வாய்க்காலில் வீசக் கூடாது. கரையோரம் தானே பரவிவிடும். வெயிலில் நன்றாகக் காயவிட்டு எருக்குழியில் போடலாம்.