மாந்தையிலிருந்து மருதமடுவுக்கு

இன்று மடு என்று சுருக்கமாக அழைக்கப்படும் மருதமடுத் திருப்பதியின் பீடத்தில் இருக்கும் மாதா சுரூபம் முதலில் மாந்தையில் இருந்தது. மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில் கடலை ஒட்டிய ஊர் அது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற நூற்றுக்கணக்கான மன்னார் மக்களை யாழ்ப்பாண மன்னன் சங்கிலியன் 1544-இல் கொல்வித்தான். அந்த இரத்தத்தின் நினைவு மாறாத மண்ணில்தான் இந்தச் சுரூபத்தின் கதை தொடங்குகிறது.

1658-இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கர் எல்லோரும் போர்த்துக்கேயரின் ஆட்கள் என்றே ஒல்லாந்தக் கம்பனி அதிகாரிகள் எண்ணினர். குருமார் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். அவர்களை ஒளித்து வைப்பது மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. கோவில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபையின் கைக்குப் போயின. 1670 அளவில் மாந்தையின் இருபது குடும்பங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக்காட்டுக்குள் புகுந்து, மருதமடுவில் குடியேறின என்பது வழிவழியாக வரும் வரலாறு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தனர்.

சுரூபம் வைப்பது விக்கிரக ஆராதனை என்பது அன்றைய சீர்திருத்தச் சபையின் குற்றச்சாட்டு. இன்றும் பல சபைகள் அதையே சொல்கின்றன. உருவங்களைச் செய்து தொழக்கூடாது என்று விடுதலைப் பயணம் 20-ஆம் அதிகாரம் தடுப்பது உண்மை. ஆனால் அதே நூலின் 25-ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பேழையின்மேல் பொன்னால் இரண்டு கெருபுகளைச் செய்யச் சொன்னவரும் கடவுளே. தடை, படைப்பைக் கடவுளாக்குவதற்குத்தான். 787-இல் கூடிய இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம் இதைத் தெளிவாக்கியது: ஆராதனை கடவுளுக்கு மட்டுமே; திருவுருவத்துக்குச் செய்யும் மரியாதை அது குறிக்கும் ஆளைச் சேர்கிறது. கத்தோலிக்க வழிபாட்டின் உச்சம் திருப்பலி. மடுவில் எத்தனை ஆயிரம் பேர் மாதாவைப் பார்க்க வந்தாலும், அங்கே ஒரு பூசைகூட மாதாவுக்கு ஒப்புக்கொடுக்கப்படுவதில்லை. மகனின் பலி தந்தைக்கே ஒப்புக்கொடுக்கப்படுகிறது.

காட்டுக்குள் போனவர்களிடம் குரு இல்லை, திருப்பலி இல்லை. அச்சிட்ட தமிழ் விவிலியமும் அன்று இல்லை. சுரூபமும் செபமாலையும்தான் மிஞ்சின. ஒரே செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது வீண் பிதற்றல் என்று அந்தச் சபையினர் செபமாலையையும் பழிக்கிறார்கள். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளால் செபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். 136-ஆம் திருப்பாடல் அடிதோறும் ஒரே பல்லவியைத் திருப்பிச் சொல்கிறது. மேலும், செபமாலையின் மறையுண்மைகளில் கபிரியேல் மங்களவார்த்தை சொன்னது முதல் சிலுவையும் உயிர்ப்பும் வரை கிறிஸ்துவின் வாழ்வே வருகிறது. எழுத்தறியாத ஒரு தாயும் நற்செய்தியின் சாரத்தைத் தன் பிள்ளைக்கு மனப்பாடமாகக் கொடுக்க முடிந்தது இதனால்தான்.

1687-இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். இலங்கையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகக் கத்தோலிக்கருக்குக் குருமார் இல்லாதிருந்த காலம் அது. யார் கத்தோலிக்கர் என்று வெளிப்படையாகக் கேட்க முடியாது. அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதை அடையாளம் கண்டவர்கள் அவரை உள்ளே அழைத்தார்கள். அவர்கள் அவரிடம் கேட்டது பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும். மாதா பக்தி கிறிஸ்துவை மறைத்திருந்தால், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் கிறிஸ்துவின் திருவுடலுக்காக ஏங்கியிருப்பார்களா? கிறிஸ்துவே ஒரே இணைப்பாளர் என்று பவுல் எழுதியதை நாங்களும் அறிக்கையிடுகிறோம். கானாவூர்த் திருமணத்தில் இல்லாமையைச் சொல்லி மகனிடம் பரிந்து பேசிய தாய், பணியாளர்களை அவருடைய சொற்படியே நடக்கச் சொன்னார். இன்றும் மாதாவின் பணி அதுதான்.

1924 ஜூலை 2-இல் அந்தச் சுரூபத்துக்குத் திருத்தந்தையின் பெயரால் முடிசூட்டப்பட்டது. 2008 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் நெருங்கியபோது குருமார் அதைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது. 2015 ஜனவரி 14 காலை கொழும்பில் யோசேப் வாஸைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவில், போரில் பிள்ளைகளை இழந்த தமிழருக்கும் சிங்களவருக்கும் முன்னால் நின்று சமாதானத்துக்காகச் செபித்தார்.

சீர்திருத்தச் சபைச் சகோதரர்களின் எச்சரிக்கையை நாங்கள் தூக்கி எறியவில்லை. மோசே கடவுளின் கட்டளைப்படி செய்த வெண்கலப் பாம்பையே, மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அரசர் உடைத்தார். எந்தச் சுரூபமும் கடவுளின் இடத்தைப் பிடித்தால் அதற்கும் அதே கதி தகும். அந்த அளவுகோலை மடு மாதாவுக்கும் வைத்துப் பாருங்கள். குருவும் கோவிலும் பறிக்கப்பட்ட மக்களைக் கிறிஸ்துவிடமிருந்து விலகாமல் காத்து, நற்கருணைப் பந்திக்கே திரும்பக் கொண்டுவந்து சேர்த்த பக்தி அது. விக்கிரகம் அந்த வேலையைச் செய்வதில்லை.