நால்வகைப் பொன்னும் ஒரு பச்சைப் பலகையும்

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் கோவலன் மதுரை வீதிகளைச் சுற்றி வருகிறான். அங்கே சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன்னை நால்வகையாகப் பகுத்தறிந்த வணிகர்கள், எவ்வகை எங்குக் கிடைக்கும் என்று வாங்குவோர் மயங்காதிருக்கக் கொடி உயர்த்தியிருந்தனர். மதுரைக்காஞ்சியும் அங்காடித் தெருவில் பொன்னை உரைத்துப் பார்ப்போரைக் குறிப்பிடுகிறது. உரைகல்லில் இழுத்த கோட்டைத் தரம் தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிட்டு மாற்றுக் காண்பது அக்கலை. ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்னும் வழக்கு இன்றும் நம் நாவில் இருக்கிறது.

அதற்கு நெருங்கிய உறவான தொழில் ஒன்று இன்று காயலான் கடைகளில் நடைபெறுகிறது. பழைய கணிப்பொறியைப் பிரித்து, அதன் மின்சுற்றுப் பலகைகளைத் தரவாரியாகக் குவிப்பதே அது. மின்வழங்கிப் பெட்டியின் பழுப்புப் பலகை கடைத்தரம். தாய்ப்பலகை அதற்கு மேல். ஹார்ட் டிஸ்க்கின் அடியில் திருகப்பட்டிருக்கும் சிறிய பச்சைப் பலகைக்குத் தனிக் குவியல். இணைப்புமுனைகளின் பொன்முலாமும், சில்லுகளுக்குள் ஓடும் நுண்ணிய பொன்னிழைகளும் அதற்கு மதிப்பளிக்கின்றன. இரும்பும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் தரம் இறங்கும்.

இதில் காலமும் ஓர் உரைகல். 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் வன்தட்டு, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டது. 1980-இல் சீகேட் கொணர்ந்த 5.25 அங்குல வன்தட்டின் கொள்ளளவு 5 மெகாபைட். அக்காலப் பலகைகள் பெரியவை. பின்வந்தவை உள்ளங்கைக்குள் அடங்குபவை, பொன்முலாமும் மெலிந்தவை.

சுரங்கத் தாதுவில் டன்னுக்குச் சில கிராம் பொன் கிடைத்தாலே பெரிது. கணிப்பொறித் தாய்ப்பலகைகளிலோ டன்னுக்கு ஏறத்தாழ 200 கிராம் வரை உண்டு. பெல்ஜியத்தின் ஹோபோக்கன் உருக்காலை போன்ற இடங்களில் பலகைகளைப் பொடித்து, மாதிரி எடுத்துச் சோதித்த பின்னரே விலை முடிவாகிறது. ஆனால் தரம் பிரிக்காமல் எடைக்குப் போடும் எளியவருக்குக் கடைத்தர விலையே கிட்டும். அந்த இழப்பை ஈடுகட்டப் பலகையை அடுப்பில் வாட்டியும் அமிலத்தில் ஊறவைத்தும் பொன் தேடுவோர் ஈயப் புகையைச் சுவாசிக்கின்றனர்.

தமிழக அரசு 2010-லேயே மின்கழிவுக் கொள்கை வகுத்தது. நடுவண் அரசின் விதிகள் 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. 2023 ஏப்ரல் முதல் புதிய விதிகள் நடப்பிலுள்ளன. பிரித்தெடுக்கும் தொழிலாளரை அடையாளங்கண்டு பதிவு செய்வதும் பயிற்சி அளிப்பதும் மாநிலத்தின் கடமை என்று அவை கூறுகின்றன. கண்ணாலும் கையாலும் மாற்றுக் காண்பவரின் அறிவை ஓர் அறிவென ஏற்பதற்கு இதுவே வாயில்.

சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்று காலந்தாழ்த்திப் பார்த்ததன் விலையை மதுரை அறியும். தரத்தையும் விலையையும் அனைவரும் காண எழுதிவைக்கும் கடையே, அன்று கொடி உயர்த்திய வீதியின் உண்மையான வழித்தோன்றல் ஆகும்.