தரங்கம்பாடிச் சுற்றுலாவும் திருச்சபையின் நினைவும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய சென்னைத் தென்புறநகர்ச் சபைகளிலிருந்து வாலிபர் சங்கத்தாரும் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரும் பேருந்து அமர்த்திக்கொண்டு தரங்கம்பாடிக்குச் சென்று வருவதுண்டு. குழுவை நடத்திச் செல்லும் பொறுப்பு பெரும்பாலும் ஆயரையோ, விடுமுறையில் வந்துள்ள இறையியல் மாணவரையோ சார்கிறது. அவர் அவ்வூரில் எவற்றைச் சுட்டிக்காட்டுகிறார், எவற்றைச் சொல்லாமல் கடந்து போகிறார் என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊருக்குள் நுழைவோரை முதலில் எதிர்கொள்வது 1792இல் திருப்பிக் கட்டப்பட்ட நகர வாயில். அதனைக் கடந்தால் அரசர் வீதி. அதன் கோடியில் டேன்ஸ்பர்க் கோட்டை. தஞ்சை இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்கு மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கும் 1620இல் ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாக எழுந்த கோட்டை அது. ஆயினும் ஊரின் வரலாறு டேனியரோடு தொடங்கவில்லை. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அதன் கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்று குறிக்கிறது. அலைகள் அக்கோயிலின் பெரும்பகுதியை அரித்துச் சென்றன. நம் குழுக்கள் இக்கோயிலைப் பாராமலே திரும்புவது முறையன்று. நற்செய்தி வெறுமையான கரையில் வந்திறங்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

பர்த்தொலொமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோவும் 1706 ஜூலை 9ஆம் நாள் இங்கு வந்திறங்கினர். அவர்கள் வருமுன்பே, 1701இல், டேனியர் தங்கள் வழிபாட்டிற்கெனச் சீயோன் ஆலயத்தைக் கட்டியிருந்தனர். அவ்வாலயத்தில் 1707 மே 12ஆம் நாள் ஐவர் திருமுழுக்குப் பெற்றனர். அவர்கள் யார்? டேனிய எசமானரின் இல்லங்களில் ஊழியஞ்செய்த அடிமைகள். மனிதரை விலைக்கு வாங்கிய துறைமுகத்தில், விலைக்கு வாங்கப்பட்டோரே நம் சபையின் முதற்பலனாயினர். சீகன்பால்கின் பெயரை அறிந்த சிறுவர் பலர்; இந்த ஐவரைக் குறித்துக் கேள்வியுற்றோர் சிலரே.

கோட்டைக்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உள்ளது. குழுவினர் பீங்கான்களையும் நாணயங்களையும் கண்டு மகிழ்கின்றனர். அதே கோட்டையில்தான் 1708ஆம் ஆண்டின் இறுதியில் ஆளுநர் ஹாசியஸ், தம் மன்னரே அனுப்பிய மிஷனெரியை நான்கு மாதம் சிறைவைத்தார். ஓர் ஏழை விதவையின் வழக்கில் சீகன்பால்க் அவளுக்காகப் பரிந்து பேசியது அதற்குக் காரணங்களுள் ஒன்று. அருட்பணியும் ஆட்சியும் கைகோத்தே வந்தன என்று பொதுவாகக் கூறுவோர் இச்சிறையறையை எண்ணிப் பார்க்க வேண்டும். அருட்பணிக்கு ஆட்சியோடு தொடர்பே இல்லை என்போரோ, அவர் வந்த கப்பலை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்து அச்சுப்பணி. 1715இல் நிறைவுற்ற தமிழ்ப் புதிய ஏற்பாடு, இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சேறிய புதிய ஏற்பாடாகும். ஆனால் சீகன்பால்குக்குத் தமிழ் எவ்வாறு வந்தது? முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாணவரோடு அவரது இல்லத்திற்கே வந்து கற்பித்தார். சிறுவர் மணலில் விரலால் எழுத்துகளை வரைய, அவரும் அவர்களோடு அமர்ந்து வரைந்தார். வேதம் தந்தவர் முதலில் மாணவராய்த் தரையில் அமர்ந்தார் என்பது இறையியல் மாணவர் மறக்கத்தகாத செய்தி.

இறுதியாகப் புதிய எருசலேம் ஆலயம். 1718 அக்டோபர் 11ஆம் நாள் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. நான்கு மாதங்கள் கழித்து, 1719 பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் வயதில் சீகன்பால்க் மரித்து அங்கேயே அடக்கஞ்செய்யப்பட்டார். குழுவினர் அக்கல்லறையருகே நின்று ஜெபிக்கின்றனர், நன்று. ஆயின் அவ்வாலயம் சிலுவை வடிவினது. அச்சிலுவையின் நிழலிலேயே சாதிக்கொரு பக்கமாக மக்கள் அமர்ந்தனர். 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்று, முதல் தமிழ்ப் புரொட்டஸ்டண்டுப் போதகரானார். அதே காலத்தில் தஞ்சைப் படையில் வீரராயிருந்த இராஜநாயக்கன், அச்சிட்ட நற்செய்தி நூலை வாசித்து மனந்திரும்பி, உபதேசியாராகித் தஞ்சை நாட்டில் சபைகளை வளர்த்தார். அவருக்கோ குருப்பட்டம் கிட்டவில்லை. அவர் பறையர் குலத்தவர். அவர் கையால் திருவிருந்து பெற வேளாளக் கிறிஸ்தவர் இசையார் என்று மிஷனெரிகள் அஞ்சினர். இதனைக் கல்லறையருகே நின்று சொல்லத் துணியும் வழிகாட்டி எத்தனை பேர்?

இவற்றைச் சொன்னால் விசுவாசிகளின் மகிழ்ச்சி குன்றும் என்று அஞ்ச வேண்டியதில்லை. 1938 டிசம்பரில் உலக மிஷனெரி மாநாடு நம் தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரியில் கூடியபோது, ஆசிய, ஆப்பிரிக்கத் திருச்சபைகளின் பேராளர்கள் பெருந்தொகையினராய் வந்து மேனாட்டாரோடு ஒரே அவையில் அமர்ந்தனர். நற்செய்தியைப் பெற்றவர் அதன் பங்காளிகள் என்னும் உண்மைக்கு அது உலகறிந்த சான்றாயிற்று. அவ்வுண்மை சீயோன் ஆலயத்தின் ஐவரிடத்திலேயே வித்தாக இருந்தது. தாம்பரத்திலிருந்து தரங்கம்பாடிக்குச் செல்வோர் அந்த வித்தைக் காணவே செல்கின்றனர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையிலும் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. எனவே மீனவர் குடியிருப்பையும் பாராது திரும்பலாகாது. யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் கற்களை நிறுத்தியது, பிள்ளைகள் அவற்றின் பொருளைக் கேட்கும்போது பெரியோர் விடையளிப்பதற்காகவே. தரங்கம்பாடியின் கற்களைக் கண்டும் நம் பிள்ளைகள் கேட்பர். மன்னரின் முடியும் மிஷனெரியின் கல்லறையும் மட்டுமே நம் விடையாயின், அது பாதி விடை. அடிமைகள் ஐவரும் இராஜநாயக்கனும் அவ்விடையில் இடம்பெறும் நாளிலேயே நம் சுற்றுலா திருயாத்திரையாகும்.