குழலும் குண்டும்

காற்றுத் துப்பாக்கிக்கு எத்தகைய குழல் ஏற்றது என்னும் வினா இன்று தோன்றியதன்று. இடை சிறுத்த ஈய ரவைக்கு ஒரு குழலும், அச்சில் வார்த்த திண்ணிய குண்டுக்கு வேறொரு குழலும் வேண்டுமா, ஒன்றே இரண்டிற்கும் போதுமா என்று துப்பாக்கி வைத்திருப்போர் வாதிடுகின்றனர். குழலை முதலில் தேர்ந்துகொண்டு, பின்னர் அதற்குக் குண்டு தேடுவதே பலருடைய வழக்கம். ஆனால் வரலாறு காட்டுவது இதற்கு மாறான முறையாகும். எறியப்படும் பொருள் காற்றில் எவ்வாறு நேராகச் செல்கிறது என்பதை அறிந்து, அதற்கேற்பக் குழலை அமைத்ததே மாந்தர் தொன்றுதொட்டுக் கையாண்ட முறை. இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஜொகூர்க் காடுகளிலேயே உள்ளது.

ஜொகூர் மாநிலத்தின் வடகிழக்கில் பாயும் எண்டாவ் ஆற்றின் கரைகளிலும், கஹாங், சிகாமட் முதலிய பகுதிகளிலும் ஜக்கூன் எனப்படும் பூர்வகுடி மக்கள் வாழ்ந்து வருகின்றனர். ஜே. ஆர். லோகன் என்பார் 1847-ஆம் ஆண்டில் ஜொகூர்ப் பூர்வகுடியினரைப் பற்றி எழுதினார். உருசிய அறிஞர் மிக்ளூகோ-மக்லாய் 1874-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1875-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இக்காடுகளின் ஊடே பயணஞ் செய்தார். ஸ்கீட், பிளாக்டன் என்னும் இருவர் 1906-இல் வெளியிட்ட பெருநூல், மலாயாத் தீபகற்பத்துப் பூர்வகுடியினரின் கருவிகளை விரிவாக விளக்குகிறது. அக்கருவிகளுள் தலையாயது 'சும்பித்தான்' எனப்படும் ஊதுகுழல்.

தீபகற்பத்தின் வடபால் மலைகளில் ஒருவகை மூங்கில் வளர்கிறது. அதன் கணுவிடை ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்திற்கு மேலும் நீளும். செமாய், தெமியார் மக்கள் அம்மூங்கிலைக் கொண்டு உட்குழலும், அதனைக் காக்கும் புறக்குழலும் செய்வர். உட்குழலில் கணு குறுக்கிடாமையால் கடைந்து துளைக்கும் வேலையே இல்லை. இந்நற்பேறு தென்பகுதி மக்களுக்கு வாய்க்கவில்லை. ஆகவே அவர்களிடையே மரத்தாலான குழலும் வழங்கலாயிற்று. மரத்தை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியிலும் அரைவட்டப் பள்ளம் செதுக்கி, இரண்டையும் பொருத்தி, பிரம்புநாரால் முழுநீளமும் இறுகச் சுற்றுவர். போர்னியோத் தீவினரோ திண்ணிய மரத்தை இரும்புக் கம்பியால் நெடுகத் துளைத்தனர். ஒரே பயன் கருதி மூவேறு தொழில்முறைகள்! ஆயினும் மூன்றற்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: உட்புறம் வழுவழுப்பாக இருத்தல் வேண்டும், சுழற்சி தரும் வரிப்பள்ளம் எதுவும் இல்லை.

ஏன் இல்லை என்பதை அம்பு விளக்கும். ஓலைக் காம்பைச் சீவிச் செய்த அவ்வம்பு ஊசிபோல் மெல்லியது. ஒரு சாணுக்குச் சற்றே மிகுந்த நீளமுடையது. அதன் அடிமுனையில் நெட்டிபோன்ற மென்பொருளால் ஒரு சிறு கூம்பு செருகப்பட்டிருக்கும். கூம்பின் அகலம் குழலின் உள்ளகலத்தோடு ஒட்டியது. அதற்குப் பின்னே பனையினத்து மரமொன்றின் பஞ்சுபோன்ற பொடியை அடைத்து ஊதுவர், மூச்சு கசியாது. அம்பு வெளிப்பட்டதும், கனமான முன்பகுதி முந்திச் செல்லும். இலேசான அகன்ற கூம்பு காற்றில் இழுபட்டுப் பின்தங்கும். பட்டத்திற்கு வால் செய்யும் பணியைக் கூம்பு அம்பிற்குச் செய்கிறது. அம்பு புரளாமல் நேரே செல்வதற்கு இவ்விழுப்பே போதும். ஆதலின் சுழற்சி வேண்டுவதில்லை. குழலும் வழுவழுப்பாகவே இருக்கலாம். அம்பின் முனையில் தடவும் நஞ்சு 'ஈப்போ' மரத்தின் பாலாகும், இதயத்தைத் தாக்குவது. இதே மரம் நம் மேற்குமலைத் தொடரிலும் உண்டு. அதன் பட்டையிலிருந்து மரவுரி எடுத்தமையால் மரவுரி மரம் எனவும் பெயர் பெற்றது. தென்னாட்டார் உடை கண்ட மரத்தில் ஜொகூர் மக்கள் படை கண்டனர்.

ஊதுகுழல் தமிழ் நிலத்துக்கும் புதிதன்று. தமிழ்நாட்டிலும் மலையாளக் கரையிலும் வழங்கிய ஊதுகுழல்களைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1924-இல் கட்டுரை வரைந்துள்ளார். தமிழில் அதற்குச் 'சுங்குத்தான்' என்று பெயர். இதில் சிறு பறவைகளை வீழ்த்தக் களிமண் உருண்டையை இட்டு ஊதினர். உருண்டைக்கு முன்னும் பின்னும் இல்லை; எப்புறம் திரும்பினும் ஒன்றே. எனவே அது தலைகீழாகப் புரளும் என்ற அச்சமில்லை. ஆனால் பக்கவாட்டில் சிறிது விலகிச் செல்லும் குறை அதற்கு உண்டு. அணுகிய இலக்குக்கே பயன்படும்.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்று சுவை தருவதாகும். பதினோராம் நூற்றாண்டில், 1070-களில், மகமூது கஷ்கரி என்பார் துருக்கிய மொழிக்கு அகராதி இயற்றினார். அதில் 'துவெக்' என்றொரு சொல் காணப்படுகிறது. உருண்டை கொண்டு சிட்டுக்குருவிகளை அடிக்கும் குழல் என்பது அதன் பொருள். வெடிமருந்துக் கருவி வந்தபின் அப்பெயரே அதற்கும் ஏறிற்று. அத்துருக்கியச் சொல்லின் வழிவந்ததே நம் துப்பாக்கி என்பது மொழியறிஞர் கருத்து. துப்புதல் என்னும் வினையோடு இயைத்துத் தனித்தமிழ்ச் சொல்லாக்க முயல்வாரும் உளர். ஒலியொப்புமை ஒன்று மட்டுமே சான்றாகிவிடாது. வாயால் ஊதிய குழலின் பெயர் துப்பாக்கிக்கு வந்தது உண்மையெனில், காற்றுத் துப்பாக்கி என்பது தன் பழம்பெயருக்கே மீண்ட கருவி எனலாம்.

மலாய்மொழி இதனினும் வியப்புடையது. அம்மொழியில் வெடிக்கருவியைக் குறிக்கும் பழஞ்சொல் 'பெடில்'. இது தமிழ் 'வெடில்' என்பதன் திரிபு என அகராதியாளர் கூறுவர். குண்டைக் குறிக்கும் 'பெலுரு' போர்த்துகீசியம். துப்பாக்கியைக் குறிக்கும் 'செனாப்பாங்' டச்சு. 1511-இல் அல்புகர்க்கு மலாக்காவைத் தாக்கியபோது, நச்சம்பு ஊதும் குழல்களைப் போர்த்துகீசியர் எதிர்கொண்டனர். ஒரு நீரிணையின் கரையில் வந்திறங்கியவர் வரிசை அச்சொற்களிலேயே படிந்து கிடக்கிறது. 'சும்பித்தான்' ஒன்றே மண்ணுக்குரியது. குழலைக் குறிக்கும் மலாய்ச் சொல் 'லாராஸ்'. துப்பாக்கிகளை எண்ணும்போதும் இத்தனை 'லாராஸ்' என்றே எண்ணுவர். 'செலாராஸ்' என்றால் ஒன்றோடொன்று பொருந்தியது என்று பொருள்.

இனி ஐரோப்பாவிற்குச் செல்வோம். திரோல் நாட்டுக் கைவினைஞர் பார்த்தலோமியோ ஜிராண்டோனி அமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படை 1780 முதல் சில பத்தாண்டுகள் பயன்படுத்தியது. அடிக்கட்டையே காற்றுக் கலம். கைப்பம்பால் ஆயிரம் முறைக்கு மேல் அடித்து நிரப்ப வேண்டும். இருபது அளவிலான ஈய உருண்டைகளை அடுத்தடுத்துச் சுடலாம். புகையும் இல்லை, பேரொலியும் இல்லை. அதன் குழலில் சுரிப்பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. அவை உருண்டையைச் சுழற்றின. சுழலும் உருண்டை விலகாது சென்றது. களிமண் உருண்டைக்கு இருந்த குறை இவ்வாறு நீங்கியது.

உருண்டையை விட்டு நீண்ட குண்டுக்கு மாறியபோது புதிய இடர் தோன்றியது. நீண்ட குண்டின் கனம் பின்னே கிடப்பதால், சுழற்சி குன்றினால் அது புரண்டுவிடும். சுழற்ற வேண்டுமெனில் பள்ளங்களை இறுகப் பற்ற வேண்டும். இறுகப் பற்றும் குண்டை முகவாய் வழியே திணிப்பது அரிது. 1849-இல் பிரெஞ்சுப் படையைச் சேர்ந்த மினியே இதற்கு வழி கண்டார். குண்டின் அடியைக் குடைந்துவிட்டார். வெடிப்பின் அழுத்தம் அக்குடைவை விரித்துப் பள்ளங்களில் பதித்தது. இம்முறையைத் தழுவிய 1853-ஆம் ஆண்டு என்ஃபீல்டுத் துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டாவே 1857-இல் இந்தியச் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்த காரணங்களுள் ஒன்று. குண்டின் அடியிலிருந்த ஒரு குழி ஒரு பேரரசை அசைத்தது என்றால் மிகையாகலாம், முற்றும் பொய்யாகாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பர்மிங்காமில் லிங்கன் ஜெஃப்ரீசு என்பவரின் அமைப்பைத் தழுவிய காற்றுத் துப்பாக்கிகள் பரவிய காலத்தையொட்டி, இடை சிறுத்த 'டயபோலோ' ரவை வழக்கிற்கு வந்தது. கயிற்றில் உருட்டும் உடுக்கை வடிவ விளையாட்டுப் பொருளின் பெயரையே அது பெற்றது. இதன் தலை திண்ணியது; பின்பகுதி பாவாடைபோல் விரிந்து உள்ளே வெறுமையானது. காற்றழுத்தம் மென்மையான அவ்விளிம்பை விரித்துக் குழலோடு ஒட்டுவிக்கும்: இது மினியே கண்ட வழி. பறக்கும்போது விரிந்த பின்பகுதி இழுபட, கனத்த தலை முந்தும்: இது ஜக்கூன் அம்பின் வழி. எண்டாவ் காட்டிலே நெட்டிக்கூம்பு செய்த இரு பணிகளையும், கசிவடைத்தலையும் வாலாதலையும், ஈயப் பாவாடை ஒன்றே செய்கிறது.

இவ்வேற்றுமையை உணர்ந்தால் குழல் தேர்வு எளிதாகும். ரவை இழுப்பினால் நேர்ப்படுவது. அதற்குச் சுழற்சி துணைமட்டுமே. வார்ப்புக் குண்டு சுழற்சி ஒன்றையே நம்பியிருப்பது. எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதற்கு 1879-இல் ஆங்கிலக் கணிதர் கிரீன்ஹில் ஒரு வாய்பாடு தந்தார். குண்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல் எத்தனை மடங்கோ, அவ்வெண்ணால் 150-ஐ வகுக்க வேண்டும். வரும் ஈவை விட்டத்தால் பெருக்கினால், எத்தனை நீளத்தில் ஒரு முழுச்சுற்று வேண்டும் என்பது கிடைக்கும். 5.5 மில்லிமீட்டர் விட்டமும் 11 மில்லிமீட்டர் நீளமும் உடைய ஈயக் குண்டு இருமடங்கு நீளமுடையது. 150-ஐ 2-ஆல் வகுக்க 75, அதனை 5.5-ஆல் பெருக்க ஏறத்தாழ 412 மில்லிமீட்டர். இவ்வளவுடைய காற்றுத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் காணப்படும் சுற்று 16 அங்குலம், அதாவது 406 மில்லிமீட்டர். ஆகவே அக்குண்டுக்கு அக்குழல் எல்லையில் நின்று உதவும். குண்டின் நீளம் 16.5 மில்லிமீட்டர் ஆனாலோ சுற்று 275 மில்லிமீட்டருக்குச் சுருங்க வேண்டும். ரவைக்கென வெட்டிய குழலில் அது புரண்டு, தாளில் நீள்வட்டத் துளையிடும். அத்துளையைக் கண்டு குழல் கெட்டது என்று பழிப்பது பேதைமை.

அழுத்தமும் கருதத்தக்கது. முன்னரே காற்றடைத்த துப்பாக்கிகள் பலவற்றில் கலத்தின் அழுத்தம் 200 முதல் 250 பார் வரை. சிறிய வெடிமருந்துத் தோட்டாவிலோ அது ஆயிரத்தைத் தாண்டும். ஆதலால் கடினக் கலவையில் வார்த்த குண்டைக் காற்று விரித்துப் பதிக்காது. குண்டு ஏறத்தாழத் தூய ஈயமாகவும், பள்ளங்களின் அளவோடு ஒத்ததாகவும் இருத்தல் வேண்டும். முகவாயருகே குழலைச் சற்றே இறுக்கும் அமைப்பு ரவையை ஒருசீராக்கி நலம் செய்யும். நீண்ட குண்டுக்கு அதுவே பல குழல்களில் தடையாகும். கனத்த குண்டுக்குக் காற்று நெடுநேரம் உந்த வேண்டுமாதலின் நீண்ட குழல் ஏற்றது. வில்லும் உந்துதண்டும் உடைய எளிய துப்பாக்கிக்கு அக்கனம் ஒவ்வாது. விரைவிலும் இவ்வேறுபாடு உண்டு. ஒலியின் விரைவான விநாடிக்கு 340 மீட்டரை நெருங்கினால் ரவை தடுமாறும்.

குழலின் உண்மையளவை அறியக் கைவினைஞர் கொள்ளும் வழி எளியது. துளையைவிடச் சிறிது பருத்த மென்மையான ஈயத் துண்டொன்றை, குண்டேற்றாத வெறுங்குழலில் கோலால் மெல்லத் தள்ளி மறுமுனையில் எடுப்பர். பள்ளமும் மேடும் அத்துண்டில் பதிந்திருக்கும். நுண்ணளவுகோலால் அளந்து, அவ்வளவிற்கே குண்டை வார்ப்பர். தள்ளும்போது ஓரிடத்தில் தளர்ந்தும் ஓரிடத்தில் இறுகியும் சென்றால் அக்குழல் குண்டுக்கு ஆகாது. ரவைக்கு ஒருவேளை ஆகலாம்.

மலேசியாவில் இவ்வாராய்ச்சி உரிமம் பெற்றவர்க்கே உரியது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கொள்கிறது. ஜொகூரிலும் அதுவே விதி. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ, பூர்வகுடியினர் தம் உணவிற்காகக் குறிப்பிட்ட சில உயிரினங்களை வேட்டையாட இடமளித்துள்ளது. எண்டாவ் ஆற்றின் மேற்புறத்தில், தேசியப் பூங்காவின் வாயிலாக விளங்கும் கம்போங் பெத்தா இன்றும் ஜக்கூன் மக்களின் ஊராகவே இருந்து வருகிறது.